மின்கோபுரத்தடியில் ஒரு பாடம்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டம் ஒன்றில், திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்க வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்களும், ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களும் இங்கே சேர்ந்து அமர்ந்திருக்கிறீர்கள். ‘இன்றைய மின்கட்டமைப்பு’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பெரிய தலைப்பு. இதை என் வகுப்பறையில் நடந்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். பிழை செய்தவன் மாணவன் அல்ல, நான்தான்.

2019ஆம் ஆண்டு. காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் உயர்மின் கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்த காலம். பத்தாம் வகுப்பில் மின்னோட்டம் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாறுதிசை மின்னோட்டத்தின் நன்மைகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். “தொலைதூரத்திற்கு அனுப்ப ஏற்றது” என்பது அதில் முதல் வரி. பின்வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சார், எங்க தோட்டத்துல டவர் போட வந்த இன்ஜினியரு, இது டிசி லைனுன்னு சொன்னாருங்க. சத்தீஸ்கர்ல இருந்து வருதாமுங்க. நீங்க ஏசிதான் தூரத்துக்குப் போகும்னு எழுதியிருக்கீங்க. எதுங்க சார் நெசம்?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீ தப்பாகக் கேட்டிருப்பாய். அவ்வளவு பெரிய கோபுரத்தில் ஏசிதான் போகும். தேர்வில் நான் எழுதிப்போட்டதை எழுது” என்றேன். “சரிங்க சார்” என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்தச் “சரிங்க சார்” என்னை இரவு முழுவதும் உறுத்தியது. அவன் தன் தோட்டத்தில் கண்ணால் கண்டதைச் சொன்னான். நான் காணாததை வைத்து மறுத்தேன். மறுநாள் விசாரித்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அவன் சொன்னதே சரி. சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரிலிருந்து நம் கொங்குப் பகுதிக்குப் புகளூர் என்ற பெயரில் அமைந்த நிலையம் வரை, சுமார் 1,800 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரே மூச்சில் வருகிறது அந்தத் தொடர். அது நேர்திசை மின்னோட்டத் தொடர். மின்னழுத்தம் கூட்டல் கழித்தல் 800 கிலோவோல்ட். திறன் 6,000 மெகாவாட். உலகத்தின் பெரிய நேர்திசை மின்தொடர்களில் அதுவும் ஒன்று. அதன் கோபுரத்தடியில் வளர்ந்த பிள்ளைக்கு, அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று பாடம் நடத்தியிருக்கிறேன்.

பாடத்தில் உள்ளது தவறா?

தவறில்லை. ஆனால் நான் முடிவை மட்டும் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால் அவன் கேள்விக்கு விடையும் அதிலேயே கிடைத்திருக்கும்.

மின்சாரத்தைத் தூரத்திற்கு அனுப்பும்போது கம்பி சூடாகிறது. அந்த வெப்பமே இழப்பு. ஜூல் விதி நம் பிள்ளைகளுக்குத் தெரியும்: வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் வெப்பம் கால்பங்காகும். திறன் குறையாமல் மின்னோட்டத்தைக் குறைக்க ஒரே வழி, மின்னழுத்தத்தை உயர்த்துவது.

இதை அந்தத் தொடரை வைத்தே கணக்குப் போடலாம். 6,000 மெகாவாட் என்றால் 600 கோடி வாட். வீட்டில் உள்ள 230 வோல்ட்டிலேயே அதை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வகுத்துப் பாருங்கள், சுமார் 2 கோடியே 60 லட்சம் ஆம்பியர். அதைத் தாங்கும் கம்பி உலகத்தில் இல்லை. ஒரு பக்கம் கூட்டல் 800 கிலோவோல்ட், மறுபக்கம் கழித்தல் 800 கிலோவோல்ட், இரண்டுக்கும் இடையே 1,600 கிலோவோல்ட். இப்போது வகுத்தால் 3,750 ஆம்பியர்தான். இரண்டே வரிக் கணக்கு. ‘மின்னழுத்தத்தை ஏன் உயர்த்த வேண்டும்’ என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, மின்னழுத்தத்தை எப்படி உயர்த்துவது? மின்மாற்றியைக் கொண்டுதான். மின்மாற்றி வேலை செய்யக் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாறுதிசை மின்னோட்டத்தில் அது தானாகவே மாறுகிறது, நேர்திசையில் மாறுவதில்லை. 1882இல் எடிசன் நியூயார்க்கில் நேர்திசை மின்சாரத்தை வழங்கத் தொடங்கினார். அதன் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்க வழியில்லாததால், மின்நிலையத்தைச் சுற்றிச் சிறு தொலைவுக்குத்தான் அது பயன்பட்டது. மின்மாற்றியைக் கையில் வைத்திருந்த மாறுதிசை முறை வென்றது.

ஆக, ஏசி வென்றதற்குக் காரணம் மின்மாற்றி. டிசி தோற்றதற்குக் காரணம், டிசியை உயர் மின்னழுத்தத்திற்குக் கொண்டுபோகவும், போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் ஏசியாக்கவும் கருவி இல்லாதது. அந்தக் கருவி வந்துவிட்டால்? அதைத்தான் பின்வரிசை மாணவன் கேட்டான்.

கிணற்றுப் புட்வால்வும் மின்னணுச் சாவியும்

அந்தக் கருவி மின்னணுச் சாவி. அதைப் பற்றிய துறைக்குப் பவர் எலக்ட்ரானிக்ஸ் என்று பெயர். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். கிணற்று மோட்டாரைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு இதை எளிதில் விளக்கலாம்.

உறிஞ்சு குழாயின் அடியில் புட்வால்வு இருக்கிறது. தண்ணீர் மேலே ஏறலாம், கீழே இறங்க முடியாது. டையோடு என்பது மின்சாரத்திற்கு ஒரு புட்வால்வு. மாறுதிசை மின்னோட்டம் முன்னும் பின்னும் அலையும்போது ஒரு பக்கம் மட்டும் விடும். இப்படி நான்கு டையோடுகளை முறையாகக் கோத்தால் ஏசி டிசியாகிவிடும்.

அடுத்தது தைரிஸ்டர். இதுவும் ஒருவழிதான். ஆனால் நாம் சைகை கொடுத்தால்தான் திறக்கும். எந்த நொடியில் திறப்பது என்பது நம் கையில் இருப்பதால், எவ்வளவு திறன் போக வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்யலாம். திறக்கும் நேரத்தைத் தள்ளிவைத்தால் டிசியை மறுபடி ஏசியாகவும் மாற்றலாம். ஆனால் ஒரு குறை உண்டு. திறந்த தைரிஸ்டரை நாம் மூட முடியாது. மின்னோட்டம் தானாகச் சுழிக்கு வந்தால்தான் அது மூடும். அதனால் இருபுறமும் வலுவான ஏசி மின்கட்டமைப்பு இருக்க வேண்டும். ராய்கர்–புகளூர் தொடர் இந்த வகை.

மூன்றாவது, ஐஜிபிடி எனப்படும் டிரான்சிஸ்டர். இதைத் திறக்கவும் மூடவும் நம்மால் முடியும். நொடிக்குப் பல முறை திறந்து மூடி, நமக்கு வேண்டிய அலை வடிவத்தை நாமே உருவாக்கலாம். புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குப் போகும் கூட்டல் கழித்தல் 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் தொடர் இந்த வகை. இந்தியாவில் இந்த நுட்பத்தில் அமைந்த முதல் தொடர் இதுதான். 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இரண்டு தலைமுறை நுட்பமும் நம் பகுதியில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1954இல் சுவீடன் தன் நிலப்பரப்பிலிருந்து காட்லாந்து தீவுக்குக் கடலடிக் கேபிள் வழியே 20 மெகாவாட் நேர்திசை மின்சாரம் அனுப்பியது. அப்போது பாதரசக் குழாய்களே சாவியாக இருந்தன. பிறகு தைரிஸ்டர் வந்தது. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ரிஹந்திலிருந்து தில்லிக்கு அருகிலுள்ள தாத்ரி வரை நீண்ட தூர டிசி தொடர் 1990களின் தொடக்கத்தில் வந்தது. 2003இல் ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வந்தது. நம் மாவட்டத்துக்கு மேல் வந்ததும் அந்த வரிசையில் ஒன்று.

டிசியில் என்ன லாபம்?

“ஏசியே நன்றாகப் போகும்போது இத்தனை சிரமம் எதற்கு?” என்று மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி.

முதலாவது, கம்பி. மும்முனை ஏசிக்கு மூன்று கம்பிகள் வேண்டும். டிசிக்கு முதன்மைக் கம்பி இரண்டு போதும். ஏசியில் 230 வோல்ட் என்று சொன்னாலும் அலையின் உச்சம் 325 வோல்ட் வரை போகும். மின்காப்பை அந்த உச்சத்திற்குத் தக்கபடி அமைக்க வேண்டும். டிசியில் சொன்ன அளவுதான் உச்சமும். அதனால் அதே அளவு திறனுக்குக் கோபுரமும் பாதையின் அகலமும் குறைகின்றன.

இரண்டாவது, தூரம். ஏசி நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தையும் மின்புலத்தையும் கட்டி எழுப்பிக் கலைக்க வேண்டும். தூரம் கூடக்கூட இந்தச் சுமை கூடும். நிலத்தடிக் கேபிளில் இது இன்னும் மோசம். கேபிளே ஒரு நீளமான மின்தேக்கியாகிவிடுவதால், சில பத்துக் கிலோமீட்டர்களிலேயே அதை நிரப்பிக் காலி செய்வதில் கேபிளின் திறனில் பெரும்பகுதி போய்விடும். டிசியில் ஒருமுறை நிரம்பினால் போதும்.

ஆனால் இருமுனையிலும் உள்ள மாற்று நிலையங்களுக்குச் செலவு மிக அதிகம். அதனால் வான்வழித் தொடரில் சுமார் 600 முதல் 800 கிலோமீட்டர் தாண்டினால்தான் டிசி கட்டுப்படியாகும் என்பது பொதுக்கணக்கு. ஊருக்குள் வரும் மின்சாரம் இன்னும் ஏசியாகவே இருப்பது இதனால்தான். ஆக, பாடத்தில் உள்ள வரி பெரும்பாலான தொடர்களுக்கு இன்றும் சரி.

மூன்றாவது, கட்டுப்பாடு. இதை விளக்க நான் காங்கேயம் காளைகளைத் துணைக்கு அழைத்தேன். ஏசியால் இணைந்த இரண்டு மின்கட்டமைப்புகள் ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு காளைகள் மாதிரி. அடி மாறாமல் சேர்ந்து நடக்க வேண்டும். நொடிக்கு 50 அலை என்றால் இரண்டுக்கும் 50, அதுவும் ஒரே தாளத்தில். ஒன்று இடறினால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும். டிசியால் இணைந்தவை பக்கம் பக்கமாகப் போகும் இரண்டு வண்டிகள். சுமையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நுகம் ஒன்றல்ல.

இது வெறும் உவமை அல்ல. 2012 ஜூலை 30, 31 நாள்களில் வட இந்தியாவில் மின்கட்டமைப்பு சரிந்தது. 31ஆம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் சேர்ந்து இருண்டன. சுமார் 60 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். ரயில்கள் நின்றன. அன்று தென்மண்டலம் விழவில்லை. காரணம், அப்போது தெற்கு மற்ற மண்டலங்களோடு டிசி இணைப்புகளால் மட்டுமே சேர்ந்திருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தொடர் வந்த பிறகுதான் நாமும் ஒரே நுகத்தடிக்கு வந்தோம். அன்று முதல் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்.

பனியன் கம்பெனியும் காற்றாலையும்

அந்த 2012ஐத் திருப்பூர்க்காரர்கள் வேறு காரணத்துக்காகவும் மறக்க மாட்டோம். மண்டலம் விழவில்லையே தவிர, நம் ஊரில் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். தெருவெல்லாம் ஜெனரேட்டர் சத்தம். பெரிய கம்பெனிகள் டீசல் ஊற்றி ஓட்டின. சிறிய கம்பெனிகளால் முடியவில்லை. பீஸ் ரேட்டில் தைப்பவருக்குக் கரண்ட் இல்லை என்றால் பீஸ் இல்லை, பீஸ் இல்லை என்றால் கூலி இல்லை. என் வகுப்பில் கேள்வி கேட்ட மாணவனின் அம்மா அன்று பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருந்தவர். “ராத்திரி கரண்ட் வந்ததும் வேன் வந்து கூட்டிட்டுப் போகுமுங்க” என்று அவன் பின்னர் சொன்னான்.

பற்றாக்குறைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, மின்சாரம் வேறு மாநிலத்தில் கிடைத்தாலும் அதைத் தெற்கே கொண்டுவரப் போதிய வழித்தடம் இல்லாதது. பி.ஏ.பி. அணையில் தண்ணீர் இருந்தும் வாய்க்கால் சிறிதாக இருந்தால் கடைமடைக்கு என்ன வரும்? அந்த வாய்க்காலை அகலப்படுத்தும் முயற்சிகளில் ஒன்றுதான் ராய்கர்–புகளூர் தொடர். 2020, 2021 ஆண்டுகளில் கட்டம் கட்டமாகச் செயல்பாட்டுக்கு வந்தது.

இந்த வாய்க்காலுக்கு இன்னொரு சிறப்பு, இது இருபக்கமும் ஓடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே மே முதல் செப்டம்பர் வரை காற்று அடிக்கும்போது உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கக் காற்றாலைகள் நிற்காமல் சுழலும். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலருக்கும் அங்கே சொந்தக் காற்றாலைகள் உண்டு. தெற்கே மின்சாரம் மிஞ்சினால், அதை இதே தொடரில் வடக்கே அனுப்பலாம். ஏசி தொடரில் மின்சாரம் தனக்கு எளிதான வழியில் போகும். டிசி தொடரில் மதகை வைத்து, ‘இவ்வளவு போ, இந்தப் பக்கம் போ’ என்று சொல்ல முடிகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த நுட்பத்தைக் காட்ட நாம் பிள்ளைகளைப் புகளூருக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை. அது அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

பவர் டேபிள் தையல் இயந்திரத்தில் முன்பு கிளட்ச் மோட்டார் இருக்கும். தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது பல கம்பெனிகளில் செர்வோ மோட்டார். மிதியை அழுத்தினால்தான் ஓடும். கூடவே ஒரு சிறு பெட்டி இருக்கும். அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன? வரும் ஏசியை டிசியாக்கி, அந்த டிசியிலிருந்து மோட்டாருக்கு வேண்டிய அலையைப் புதிதாக உருவாக்குகிறது. நிட்டிங் மெஷினிலும் சாயப்பட்டறை மோட்டார்களிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் செய்வதும் இதுவே. காற்றின் வேகத்துக்கேற்ப மாறிச் சுழலும் இன்றைய காற்றாலை பலவற்றில், தாறுமாறான அலையை டிசியாக்கிச் சீரான 50 ஹெர்ட்ஸ் ஆக்குவதும் இதுவே. கூரைமேல் உள்ள சூரியத் தகட்டின் இன்வெர்ட்டர் இதில் பாதி வேலையைச் செய்கிறது. செல்போன் சார்ஜர் இன்னொரு பாதியைச் செய்கிறது.

ஏசியை டிசியாக்கு, டிசியை ஏசியாக்கு. அம்மாவின் தையல் மேசைக்கடியில் சில நூறு வாட்டில் நடப்பதுதான் ராய்கருக்கும் புகளூருக்கும் இடையே 6,000 மெகாவாட்டில் நடக்கிறது. அளவு வேறு, கருத்து ஒன்று. இதைச் சொன்னபோது வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அன்றுவரை மின்னியல் பாடம் அவர்களுக்கு வேறு யாருடைய ஊரிலோ நடப்பதாக இருந்தது.

தோட்டத்தில் நிற்கும் கோபுரம்

ஆனால் அந்த மாணவனின் கேள்வி இத்துடன் முடியவில்லை. நான் மறுநாள் வகுப்பில், “நேற்று நான் சொன்னது தவறு, நீ சொன்னதே சரி” என்றேன். அவன் முகம் மலர்ந்தது. உடனே அடுத்ததைக் கேட்டான். “அப்ப, கேரளாவுல இதே டிசிய மண்ணுக்கடியில கொண்டுபோறாங்களாமுங்க. எங்க தோட்டத்துல மட்டும் ஏனுங்க சார் டவரு?”

இது அவனுடைய கேள்வி மட்டுமல்ல. 2018 டிசம்பரில் மேற்கு மாவட்டங்களின் விவசாயிகள் இதே கேள்வியோடு பல இடங்களில் தொடர் போராட்டம் நடத்தினார்கள். திருச்சூர்த் தொடரின் கேரளப் பகுதியில் ஒரு பங்கு உண்மையிலேயே நிலத்தடிக் கேபிளாகத்தான் போகிறது. வகுப்பில் சிலர் டவருக்கு எதிராகவும், சிலர் “கரண்ட் வேண்டாமா?” என்றும் பேசத் தொடங்கினார்கள். பேச்சை நிறுத்திவிட்டுப் பாடத்துக்குப் போவது எளிது. ஒருமுறை அப்படிச் செய்து அவன் வாயை அடைத்தவன் நான். மறுபடியும் அதையே செய்ய மனம் வரவில்லை.

கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போட்டேன். ‘இயற்பியல்’, ‘செலவு’, ‘நியாயம்’. யார் எதைச் சொன்னாலும், அது எந்தக் கட்டத்தில் வரும் என்று முதலில் சொல்ல வேண்டும் என்பது விதி.

இயற்பியல் கட்டத்தில் வந்தவை: டிசி நிலத்தடியில் போக முடியும். ஆனால் 320 கிலோவோல்ட்டும் 800 கிலோவோல்ட்டும் ஒன்றல்ல. மின்னழுத்தம் கூடக்கூடக் கேபிளின் மின்காப்பு கடினமாகிறது. காற்று இலவச மின்காப்பு, மண்ணுக்கடியில் அந்த வசதி இல்லை. எனவே ‘கேரளத்தில் முடிந்தது, இங்கும் முடியும்’ என்பது திருச்சூர்த் தொடருக்குப் பொருந்தக்கூடிய வாதம். ராய்கர்த் தொடருக்கு அப்படியே பொருந்தாது.

செலவுக் கட்டத்தில்: நிலத்தடிக் கேபிள் கோபுரத்தைவிடப் பல மடங்கு விலை. அந்தச் செலவு கடைசியில் மின்கட்டணத்தில் வந்து சேரும். ஆனால் கோபுரம் நின்ற நிலத்தின் விலை குறைவதும் ஒரு செலவுதானே, அதை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். அதையும் எழுதினேன்.

நியாயக் கட்டத்தில்: மின்தொடருக்கு நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும், கோபுரமும் அவர் நிலத்திலேயே நிற்கும். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தில் அந்தப் பணிகள் நடந்தன. 2015இல் மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் இழப்பீடு தரச் சொன்னது. 2024 ஜூனில் வந்த புதிய வழிகாட்டுதல் இவற்றை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. அன்று வகுப்பில் 2015ஆம் ஆண்டு அளவுகளை மட்டுமே வைத்துப் பேசினோம். இப்போது அதே பாடத்தை எடுக்கும்போது இரண்டையும் எழுதுகிறேன். எழுதிவிட்டு ஒரு கேள்வியை மட்டும் கேட்கிறேன்: விவசாயிகள் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் அந்த எண் மாறியிருக்குமா?

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அறிவியல் ஆசிரியராக எனக்கு உரியது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எந்தக் கேள்விக்கு ஓமின் விதி விடை சொல்லும், எந்தக் கேள்விக்குச் சொல்லாது என்று பிரித்துக் காட்டுவது. இயற்பியலைக் காரணம் காட்டி நியாயத்தை மூடக்கூடாது. நியாயத்தைக் காரணம் காட்டி இயற்பியலை மறுக்கவும் கூடாது. அந்த மாணவனின் வீட்டிலேயே இரண்டு பக்கமும் இருந்தன. அப்பா தோட்டத்தில் கோபுரம். அம்மா வேலைக்குப் போகும் கம்பெனிக்குக் கரண்ட். திருப்பூர் மாவட்டத்தில் பல வீடுகள் இப்படித்தான். அவர்களுக்கு ஒருபக்கப் பாடம் நடத்த நமக்கு உரிமையில்லை.

வகுப்பறையில் செய்ய

கடைசியாக, நாளைக்கே செய்யக்கூடிய சில.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களே, பழைய செல்போன் சார்ஜர் ஒன்றை எடுத்து வாருங்கள். மின்னிணைப்புக் கொடுக்க வேண்டாம். அதன்மேல் உள்ள சிறிய எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளீட்டுக்குப் பக்கத்தில் அலை மாதிரி ஒரு குறி, வெளியீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதன்கீழ்ப் புள்ளிக்கோடும். ‘இந்தப் பெட்டிக்குள் ஏதோ மாறுகிறது’ என்று பிள்ளை தானாகச் சொன்னால் போதும். விளக்கம் பிறகு வரட்டும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, வீட்டிலும் பெற்றோரின் வேலையிடத்திலும் ஏசியில் ஓடுவது எது, டிசியில் ஓடுவது எது என்று பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். அம்மா, அப்பா, அக்காவிடம் கேட்டு வரட்டும். பவர் டேபிளைப் பற்றி நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். அதைப் பிள்ளைகள் அறிவதும் ஒரு பாடமே.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில், பள்ளிக்கு வரும் வழியில் தெரியும் பெரிய கோபுரங்களைத் தூரத்திலிருந்து பார்த்துப் படம் வரையச் சொல்லுங்கள். நீண்ட மின்காப்பிகளில் தொங்கும் கம்பிக் கொத்துகளை எண்ணட்டும். மூன்று, ஆறு என்று மூன்றின் மடங்கில் இருந்தால் ஏசி என்று ஊகிக்கலாம். இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டு முதன்மைக் கொத்துகள் என்றால் டிசியா என்று விசாரிக்கலாம். உச்சியில் போகும் மெல்லிய கம்பி இடி தாங்கவே, அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். கோபுரத்தடியில் போகக்கூடாது, ஏறக்கூடாது, அருகில் பட்டம் விடக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். பிறகு அந்த 3,750 ஆம்பியர் கணக்கைப் போடுங்கள்.

ஒரு வேண்டுகோள். பாடக்குறிப்பில் ‘ஏற்றது’, ‘முடியாது’, ‘சிறந்தது’ என்று வரும் இடங்களில் எல்லாம் பக்கத்தில் ‘ஏன்?’ என்று பென்சிலில் எழுதி வையுங்கள். கருவி மாறினால் முடிவு மாறும். காரணத்தைத் தெரிந்துகொண்ட பிள்ளை அந்த மாற்றத்தைத் தானே கண்டுபிடிக்கும். முடிவை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, தன் தோட்டத்தில் நிற்பதையே நம்பாமல் போகும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, எந்த மாணவனாவது “சரிங்க சார்” என்று சொல்லி உட்கார்ந்தால் நான் இன்னொரு முறை கேட்கிறேன். “நெசமாவே சரியா? இல்லை, நான் சொன்னதால் சரியா?” பல நேரம் இரண்டாவதாகத்தான் இருக்கிறது. பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.